பேசாப் படைத்தலைவன்

ரோமல் என்றால் நம் பள்ளி மாணவனுக்கும் தெரியும். மணற்கடலில் மரக்கலம் ஓட்டுவதுபோல் டாங்கிப் படையை ஓட்டிய செருமானியத் தளபதி! 1940-இல் ஏழாவது டாங்கிப் பிரிவை நடத்திக்கொண்டு பிரான்சு நாட்டுக்குள் பாய்ந்தவர். 1941 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியவர். 1942 சூன் 21-இல் டோப்ரூக் கோட்டையைப் பிடித்தவர். அங்கே சிறைப்பட்டோர் முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் நம் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். "பாலைவன நரி" என்று அவருக்குப் பட்டம் வழங்கியது உலகம். எதிரணியின் தலைமையமைச்சர் சர்ச்சில், 1942 சனவரியில், தம் நாடாளுமன்றத்திலேயே எழுந்து நின்று, பகைவரானாலும் அவர் பெருந்தளபதி என்று பாராட்டினார்.

பகைவன் வாயால் பாராட்டுப் பெறுவது படைத்தலைவனுக்குக் கிடைக்கும் அரும்பேறு. அந்தப் பேற்றை, ரோமலுக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, தூத்துக்குடிக் கரையை அடுத்த கரிசல் காட்டிலே ஒருவன் பெற்றான். டாங்கி இல்லை அவனிடம். பீரங்கிப் பட்டாளம் இல்லை. படைக்கல்லூரியின் வாயிலை அவன் கண்டதில்லை. ஏன், ஆணையிடுவதற்கு வாய்ச்சொல்லும் இல்லை அவனுக்கு! துப்பாக்கி பேசிற்று; வேல் பேசிற்று; அவன் பேசவில்லை. ஊமைத்துரை என்று நாடு அழைத்தது அவனை.

அவனுடைய போர் வாழ்வின் முதன்மையான பகுதி ஒன்பதரைத் திங்கள்தான். 1801 பிப்ரவரி 2-இல் சிறைக்கதவு திறந்தபோது தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 16-இல் தூக்குமரத்தில் முடிந்தது. இந்த ஒன்பதரைத் திங்களை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? அண்ணன் கட்டபொம்மன் கதைக்கு ஒரு பின்குறிப்பாக! நாடகம் முடிந்தபின் எரியும் மத்தாப்பாக! "தம்பியும் போரிட்டான், மாண்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தமிழ்நாட்டு வரலாற்றிலேயே திட்டமிட்டு நடத்தப்பட்ட போர்களில் ஒன்று அந்த ஒற்றை வரிக்குள் புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

1799 அக்டோபரில் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்க ஆணையிட்டான் பானர்மன். தம்பியர் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். கதை முடிந்தது என்று கணக்கை மூடினர் கம்பெனியார். ஓராண்டுக்கு மேல் உருண்டோடிற்று.

1801 பிப்ரவரி 2. கம்பெனிப் படைத்தலைவன் மெக்காலேயின் தோட்ட வீட்டிலே விருந்து. பாளையங்கோட்டை வெள்ளை அதிகாரிகளும் அவர்தம் மனைவிமாரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அந்த வேளையிலேதான், ஆயுதங்களை மறைத்துக்கொண்டு மாற்றுடையில் வந்த பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் காவலரை மடக்கிச் சிறைக்கதவைத் திறந்தனர். விருந்துக்கு வந்தோர் கை கழுவுமுன் கைதிகள் காற்றாய்ப் பறந்தனர். ஏறத்தாழ 30 மைல் தொலைவை ஓரிரவில் கடந்து, இடிந்து கிடந்த தம் கோட்டை மண்ணை மிதித்தனர்.

தப்பியவன் எங்கே போவான்? காட்டுக்குள் ஒளிவான், கடல் கடந்து ஓடுவான். ஊமைத்துரையோ, பகைவன் தன்னை முதலில் தேடக்கூடிய இடத்துக்கே சென்றான். ஒளிவதற்கன்று, கோட்டை கட்டுவதற்கு! சுற்றுப்புறச் சிற்றூர்கள் திரண்டன. மண் குழைத்தவர் எத்தனை பேர், சுமந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெழுத அங்கே கணக்கப்பிள்ளை இல்லை. ஒரு கணக்கு மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது: ஆறே நாள்! மெக்காலே படை திரட்டிக்கொண்டு பிப்ரவரி 9-இல் வந்து பார்த்தபோது, கம்பெனியின் ஏட்டில் "இல்லை" என்று எழுதப்பட்டிருந்த கோட்டை எதிரே எழுந்து நின்றது. கண்டவன் கலங்கினான், தாக்காமலே திரும்பினான். திரும்பும் வழியெல்லாம் இரவிலே துரத்தித் தாக்கினர் பாஞ்சாலங்குறிச்சியார்.

கட்டியது எத்தகைய கோட்டை? நீளவாட்டில் சுமார் 500 அடி, அகலவாட்டில் சுமார் 300 அடி, பன்னிரண்டடி உயர மண்சுவர், மூலைகளில் சிறு கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். வெள்ளையருக்கும் அப்படித்தான் தோன்றிற்று. கல்லும் காரையும் கொண்ட சுவரானால் குண்டு பட்டு நொறுங்கும். குழைத்த மண்சுவரோ குண்டை விழுங்கிக்கொள்ளும்! சுவர் உடைந்தாலும் பிளவின் உட்புறம் பள்ளமாயிருக்கும். பள்ளத்திலே நீண்ட வேல்களை நிமிர்த்திக்கொண்டு மறைந்து நிற்பர் வீரர். பிளவின்மேல் ஏறி உச்சியை அடைந்தவன் காலூன்ற இடமின்றித் தடுமாறுவான்; கீழிருந்து வேல் பாயும். குத்தியவன் முகத்தைக் காணாமலே சாவான். பீரங்கி இல்லாதவன் பீரங்கிக்காரனை வெல்ல என்ன செய்யவேண்டும் என்று எண்ணி எண்ணி அமைத்த அமைப்பல்லவா இது! பொறியியல் என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அடுத்து, இவன் வெறும் கோட்டைக் காவலன் அல்லன் என்பதைக் காட்டும் நிகழ்ச்சிக்கு வருவோம்.

கோட்டை கிடைத்ததும் அதற்குள் அடைந்து கிடக்கவில்லை ஊமைத்துரை. அவன் கண் கடலை நோக்கிற்று. அந்தக் கடல்வாயில்தான் தூத்துக்குடி. முத்துக் குளித்துறை என்று பழம்புகழ் கொண்ட பட்டினம். மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவன் பரதவன். கரையில் அமர்ந்து காசு எண்ணியவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தனர். போர்ச்சுக்கீசியர் எண்ணினர், 1658-இல் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர் எண்ணினர், 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து பறித்துக்கொண்ட ஆங்கிலேயர் எண்ணினர். கொள்ளைக்கு மட்டுமா அந்தத் துறை? கடல்வழியே வரும் ஆளுக்கும் மருந்துக்கும் செய்திக்கும் அதுவே வாசற்படி. அந்த வாசலில் போய் நின்றனர் ஊமைத்துரையின் வீரர். தூத்துக்குடிக் கோட்டை வீழ்ந்தது. கம்பெனியின் கொடி பறந்த துறைமுகம் கரிசல்காட்டு உழவர் படையின் கையில்!

சிற்றூர்க் கோட்டைக்காரன் துறைமுகத்தின் தேவையை உணர்ந்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். திருவைகுண்டத்தில் கோயிலுக்குள் தங்கியிருந்த கம்பெனிக் காவற்படையையும் வளைத்துக்கொண்டனர் அவன் ஆட்கள். முடிவில் அந்தப் படையை மீட்டு அழைத்துக்கொண்டு, இடத்தைக் காலி செய்து போகவேண்டியதாயிற்று கம்பெனிக்கு. கோட்டையைச் சுற்றி வெட்டவெளியாக்கி, அந்த வெட்டவெளியைத் தனக்கு உரியதாக்கிக்கொண்டான். வகுப்பறையில் வரைபடத்தை விரித்து, தாமிரபரணி ஆற்றையும், தூத்துக்குடித் துறையையும், பாஞ்சாலங்குறிச்சியையும் கோடிட்டு இணைத்துக் காட்டினால், பத்து வயதுப் பையனுக்கும் விளங்கும் இந்தப் போர்த்திட்டம். வரைபடம் இல்லாமலே அவனுக்கு விளங்கியிருந்தது.

தூத்துக்குடியில் பிடிபட்டவர்களில் துறைமுக அதிகாரியான ஓர் ஆங்கிலேயனும் இருந்தான். பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டான். அவன் மனைவி பின்னாலேயே சென்று, கணவனின் உயிரை வேண்டினாள். விடுதலை கிடைத்தது. கயத்தாற்றில் அண்ணனைப் பறிகொடுத்தவன் ஊமைத்துரை என்பதை மறவாதீர்கள். பழிக்குப் பழி வாங்கக் கையில் ஆள் கிடைத்தும், கெஞ்சிவந்த பெண்ணின் கண்ணீருக்கு மதிப்பளித்தான். இதை எழுதி வைத்தவர் நம்மவர் அல்லர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞர் கால்டுவெல். திருநெல்வேலி வரலாறு குறித்து 1881-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தச் செய்தி இருக்கிறது.

மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் கம்பெனி தன் படையைப் பெருக்கிக்கொண்டு மீண்டும் வந்தது. மார்ச்சு 31. பீரங்கி முழங்கிற்று, சுவரில் பிளவு விழுந்தது, ஐரோப்பியச் சிப்பாய்கள் ஏறினர், ஏறியவர் வீழ்ந்தனர். மண்ணுக்குள் மறைந்திருந்த வேல்கள் தம் வேலையைச் செய்தன. அன்று மட்டும் கம்பெனிப் படையில் செத்தவரும் புண்பட்டவரும் முந்நூறுக்கும் மேற்பட்டோர். வெள்ளையர் பெருந்தோல்வி கண்டனர். அதன்பின் ஏழு வாரம் கோட்டைக்கு எதிரே கூடாரமடித்துக் காத்துக்கிடந்தது கம்பெனிப் படை. யாரை எதிர்பார்த்து? தொலைவிலிருந்து வரவேண்டிய பெரும்படையை!

மே 21-இல் வந்து சேர்ந்தான் கர்னல் அக்னியூ. பெரும் பீரங்கிகள், குதிரைப்படை, ஐரோப்பியப் பட்டாளம், எட்டயபுரத்தார் துணை, அத்தனையும் அவனிடம். மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. வீழ்ந்த பின்னும் கைதூக்கி நிற்கவில்லை காவலர். திரண்டு வெளியேறினர், பகைவர் குதிரைகளுக்கு நடுவே வழி வெட்டிக்கொண்டு. கோட்டையிலும் வெளியிலுமாகப் பிணங்கள் குவிந்தன. படுகாயத்தோடு வீழ்ந்தான் ஊமைத்துரை.

இங்கே ஒரு தாய் வருகிறாள். பெயர் தெரியாத தாய். களத்தில் வீழ்ந்த தன் மகனைத் தேடி வந்தவள். குற்றுயிராய்க் கிடந்த மகன், "என்னை விடு; அதோ கிடக்கும் தலைவனைக் காப்பாற்று" என்ற பொருள்பட வேண்டினான். பெற்ற மகனை விட்டுவிட்டு, ஊரார் தலைவனைச் சுமந்துசென்று குடிசையில் கிடத்தினாள் அவள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தனர். பெண்கள் அவன்மேல் துணியைப் போர்த்தினர்; ஒப்பாரி வைத்தனர்; "அம்மை கண்டு இறந்தான் பிள்ளை" என்றனர். வந்தவர் அஞ்சி ஓடினர். படைக்கலம் எடுத்த ஆயிரவரால் முடியாததை, ஓலைக்குடிசைப் பெண்கள் ஒரு துணியாலும் ஓர் அழுகையாலும் முடித்தனர்.

இந்தச் செய்தியை நமக்குச் சொன்னவன் யார்? வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி. பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய படையில் தானே இருந்தவன். தன் படைத்துறை நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டவன். அவன்தான் ஊமைத்துரையைத் தான் கண்ட வியத்தகு மனிதர்களில் ஒருவன் என்று போற்றுகிறான். உயரமான, மெலிந்த, நோயாளிபோல் தோன்றிய இளைஞன் என்கிறான். அவன் தலைமை தாங்காத ஆலோசனையும் இல்லை, முன்னின்று நடத்தாத தாக்குதலும் இல்லை என்கிறான். பேச முடியாதவன் போர்த்திட்டத்தை எப்படி விளக்குவான் என்பதையும் சொல்கிறான்: இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளை அடுக்குவானாம், அவைதாம் ஆங்கிலப் படை. வலது கையை அதன்மேல் வீசித் துடைத்தெறிவானாம். வாயால் காற்றைச் சீறவிடுவானாம். அதுவே தாக்குக என்னும் ஆணை!

அருமையான சித்திரம்! ஆனால் அந்தப் பாராட்டோடு ஒரு நஞ்சும் கலந்திருக்கிறது. கவனியுங்கள். ஊமையாய் இருந்ததே அவனுக்குத் துணையாயிற்றாம். அறியாமையும் மூடநம்பிக்கையும் மிகுந்த மக்கள் அந்தக் குறையையே தெய்வத்தன்மையாகக் கருதி அவனைத் தொழுதார்களாம். அதனால்தான் அவன் சாடை காட்டியதும் பறந்தார்களாம். இதுதான் வெல்ஷ் தரும் விளக்கம்.

மூடநம்பிக்கை நம் மக்களிடம் இருந்தது. இல்லை என்று மறைக்க வேண்டியதில்லை. அம்மை என்றதும் அஞ்சி ஓடியவர்களும் நம்மவர்தாம். ஆனால் கேட்கிறேன்: மூடநம்பிக்கை ஆறு நாளில் கோட்டை கட்டுமா? குண்டை விழுங்கும் சுவர் எது என்று கண்டறியுமா? பிளவுக்குப் பின்னே பள்ளம் தோண்டுமா? கடல்வாயிலைக் கைப்பற்றினால்தான் கம்பெனியின் கழுத்தை நெரிக்கலாம் என்று கணக்கிடுமா? தெய்வம் என்று நம்பித் தொழுதவன் கைகூப்பி நிற்பான். தளபதி என்று நம்பியவனே மண் சுமப்பான், வேல் ஏந்துவான், உயிர் தருவான். சாகும் நேரத்தில் "தலைவனைக் காப்பாற்று" என்ற மகன், தன்னைக் காக்கும்படி தெய்வத்தை வேண்டவில்லை. தலைவனைக் காக்கும்படி தன் தாயை வேண்டினான். தெய்வத்தை யாரும் துணி போர்த்திக் காப்பாற்ற வேண்டியதில்லை. மனிதன் என்று தெரிந்ததால்தான், இழக்கக்கூடாத மனிதன் என்று தெரிந்ததால்தான், காத்தார்கள்.

பகைவனின் பாராட்டு ஏன் இப்படிக் கோணல் வழியிலே வருகிறது? காரணம் எளிது. கறுப்பு மனிதன் ஒருவன் தம்மைவிடச் சிறப்பாகத் திட்டமிட்டான் என்று ஒப்புவதைவிட, மூடமக்கள் ஒருவனைக் கும்பிட்டார்கள் என்று எழுதுவது அவர்களுக்கு எளிது. தோற்றதற்குக் காரணம் எதிரியின் அறிவு என்றால் மானம் போகும். எதிரியின் வெறி என்றால் போகாது. நாமும் அந்த வலையிலேயே விழுகிறோம்! அருள் வந்தவன் என்கிறோம். முருகன் அடியான் என்கிறோம். அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைகிறோம். ஒளிவட்டம் போட்டதும் அவன் மூளை மறைந்துபோகிறது. குறையைக் கொண்டு மனிதனை இகழ்வது மடமை. அந்தக் குறையையே தெய்வ அருளாக்கித் தொழுவதும் மடமை. இரண்டும் அவன் அறிவைத் திருடும் இருவேறு கைகள். தளவாய் குமாரசாமி என்பது அவன் இயற்பெயர் என்பர். அந்தப் பெயரால் அவனை அழைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

கோட்டை வீழ்ந்தபின் அவன் என்ன செய்தான் என்பதையும் பார்த்தால் உண்மை இன்னும் விளங்கும். புண் ஆறாத உடம்போடு வடக்கே சென்றான், கமுதி வழியாகச் சிறுவயலுக்கு. சிவகங்கை மருது சகோதரர் கைநீட்டி வரவேற்றனர். ஒரு பாளையத்தின் போர் இரு சீமைகளின் போராயிற்று. 1801 சூன் 16-இல் சின்னமருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் வெள்ளையருக்கு எதிராக ஒன்றுபட அழைத்தது அது. காளையார்கோயில் காட்டிலே கம்பெனிப் படை வாரக்கணக்கில் மரம் வெட்டி வழி தேடித் தவித்தது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் பக்கம் சென்று போரிட்ட ஊமைத்துரையும் இளையவன் செவத்தையாவும் பிடிபட்டனர். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே, அவர்கள் கட்டிய கோட்டை மண்ணிலேயே, தூக்குமரம் நடப்பட்டது.

கோட்டை உழப்பட்டது, ஆமணக்கு விதைக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரே ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது. போரில் மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்கு மட்டும் அங்கே கல்லறைகள் எழுந்தன. மாண்ட உழவருக்கு ஆமணக்குச் செடி!

தூத்துக்குடித் துறைமுகம் என்னாயிற்று? 1802 பிப்ரவரியில், போரில் பிடிபட்ட 73 பேர் அந்தத் துறையிலிருந்துதான் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்னமருதுவின் இளம் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவன். ஓராண்டுக்கு முன் விடுதலைப் படை புகுந்த வாயில் வழியே விலங்கு பூட்டியவர்களை அனுப்பி வைத்தான் வென்றவன். 1818-இல் பினாங்கில் அந்தத் துரைசாமியைச் சந்தித்த வெல்ஷ், தளர்ந்து முதிர்ந்துபோன உருவத்தைக் கண்டு திடுக்கிட்டதாக எழுதுகிறான். பகைவனின் நெஞ்சும் ஒருகணம் நெகிழ்ந்தது. அதனால் நாடு கடத்தப்பட்டவன் நாடு திரும்பிவிட்டானா?

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பாளையக்காரர் ஆட்சி மக்களாட்சி அன்று. உழவன் உழைப்பில்தான் அந்தக் கோட்டைகளும் வாழ்ந்தன. எதிர்த்து நின்ற கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுப் பிள்ளைகள்தாம். எட்டயபுரத்து வீரனும் தமிழ் பேசியவன்தான். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது, வாழ்த்துமடல் ஆகும். ஆனால், போர்த்திறன் மட்டுமே ஒருவனைப் பெரியவனாக்குவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ரோமலின் டாங்கிகள் இட்லரின் ஆணையைச் சுமந்து சென்றன. யூதரைக் கொன்று குவித்த ஆட்சியின் எல்லையை விரிப்பதற்குச் சென்றன. 1944 அக்டோபர் 14-இல் அந்த இட்லரே அனுப்பிய நஞ்சை அருந்தித்தான் ரோமல் மாண்டார். திறமை இருந்தது; அது யாருக்குப் பயன்பட்டது? ஊமைத்துரை பிறர் மண்ணைப் பறிக்கச் செல்லவில்லை. தன் மண்ணில், தன்னோடு மண் சுமந்தவர்களோடு நின்றான்.

1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாட்டு அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. பெயரை ஏட்டிலிருந்து நீக்கியவர்கள் போய்விட்டார்கள்; பெயர் திரும்பி வந்துவிட்டது. போய்ப் பாருங்கள். தூத்துக்குடிக்குப் பக்கம்தான், ஓட்டப்பிடாரத்தை அடுத்து. கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். சுவரை எப்படிக் கட்டியிருப்பான், கடல் எத்தனை மைல், ஆறு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். உடன்வரும் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் வைக்கோலை அடுக்கி ஒரு பேரரசைத் துடைத்தெறியத் துணிந்தவனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவனைத் தொழுவதன்று, அவனைப் படிப்பது.